ஊஞ்சல் கிரீச்சிடாத மூன்றாம் அத்தியாயம்

நான் பதிவு செய்துவரும் சர்க்கஸ் ஒலிநூலின் மூன்றாம் அத்தியாயத்தை முதன்முறையாகப் போட்டுக் காட்டிய இரவில், போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிக் கைப்பேசியை நிறுத்திய மகள், “ஏம்மா, இப்ப ஊஞ்சச் சத்தமே வரலியே, செல்வி நெசமாவே பறக்கறாளா?” என்று கேட்டாள். கதையில் ஊஞ்சலாடும் செல்விக்கு உண்மையிலேயே பறக்கத் தெரியும் என்பதை ஆறாம் அத்தியாயம் வரைக்கும் மறைத்து வைப்பதாகத்தான் என் திட்டம் இருந்தது. எங்கே கோட்டை விட்டேன் என்று கணினியைத் திறந்து பார்த்தால், வசனத்தைச் சரிபார்ப்பதற்காக ஊஞ்சல் ஒலி இருந்த தடத்தை முடக்கி வைத்தவள், மறுபடி திறக்காமலேயே கோப்பைச் சேமித்திருந்தேன். முரசு இருக்கிறது, கூட்டத்தின் இரைச்சல் இருக்கிறது, காற்றில் கூடாரத் துணி படபடப்பது இருக்கிறது. ஊஞ்சல் கொக்கியின் கிரீச்சொலி மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாததைக் கொண்டே எட்டு வயதுப் பெண் என் கதையின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

சர்க்கஸில் வாழும் ஒரு மாயக் குடும்பத்தைப் பற்றிய சிறுவர் கதையை, அவளுக்காக ஒலிநூலாகப் பதிவு செய்து வருகிறேன். மொத்தம் 9 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 நிமிடம். வேலை ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. வீடு அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி அலமாரியைத் திறந்து தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு படிக்கிறேன். எதிரொலியை விழுங்குவதில் பட்டுப்புடவையைவிடப் பழைய கண்டாங்கிச் சேலை மேல் என்பது இந்த ஆறு மாதத்தில் நான் கற்றவற்றுள் ஒன்று.

ஏன் சர்க்கஸ், அதுவும் ஏன் காதுக்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது என் சிறுவயது மட்டுமே. 1990களின் தொடக்கத்தில், கோவை வ.உ.சி. பூங்கா மைதானத்துக்குக் காது கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். சர்க்கஸ் வந்து இறங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். மதியம் 1 மணி, 4 மணி, இரவு 7 மணி என்று நாளுக்கு மூன்று காட்சி. ஆலைத் தொழிலாளியான அப்பா எங்களை ஒரே ஒரு முறைதான் அழைத்துப் போனார். மற்ற நாட்களில் எல்லாம் நாங்கள் கேட்டோம். பேண்டு வாத்தியம் வேகமெடுத்தால் குதிரை, சட்டென்று நின்று முரசு மட்டும் உருண்டால் உயரத்தில் யாரோ ஏறியிருக்கிறார்கள், கூட்டம் ஓவென்று சிரித்தால் ஜோக்கரின் கால்சட்டை அவிழ்ந்திருக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தபடியே முழுக் காட்சியையும் பார்த்துவிடுவோம். விடியற்காலையில் சிங்கம் உறுமும்போது பால்காரரின் மாடு மிரண்டு ஒதுங்குவது மட்டும் கண்ணாலேயே காணக் கிடைத்தது.

ஆகவே என் கதையைச் சொல்பவள் கூடாரத்துக்குள் இருப்பவள் அல்லள். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் துணிச்சுவருக்கு வெளியே நிற்கும் ஒரு சிறுமி. ஒலிநூல் கேட்பவர்களும் ஒருவகையில் அவளுடைய இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பதால், கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் வருணித்துத் தள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலிச்சித்திரம், அதாவது சினிமாவின் ஒலியை மட்டும், கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சண்டைக்காட்சியில் இரண்டு நிமிடம் “டிஷ்யூம்” மட்டுமே வந்தாலும், யார் யாரை அடிக்கிறார்கள் என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

குடும்பத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன். தாத்தா கோரன், விலங்குகளோடு பேசத் தெரிந்தவர். அத்தை மாது, தீயைத் தொட்டால் தீ குளிர்ந்துவிடும். அம்மா செல்வி, பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், பறப்பவள். மகள் மீனு, அம்மாவைவிட நன்றாகப் பறப்பவள். அப்பா பாலன், ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கியபடி பறந்து வருபவர்களைப் பிடிக்கும் கேட்ச்சர். அந்தக் குடும்பத்திலேயே எந்த மாயமும் தெரியாத ஒரே ஆள். நாள்தோறும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்பவரும் அவர் ஒருவர்தான்.

எழுத ஆரம்பித்த பிறகுதான் இதில் உள்ள சிக்கல் புரிந்தது. பள்ளிக்கூடத்திலோ மளிகைக்கடையிலோ ஒருவர் பறந்தால் அது மாயம். சர்க்கஸில் பறந்தால் அது ஐந்தாவது நிகழ்ச்சி. எல்லோரும் ஏற்கெனவே இயலாததைச் செய்துகொண்டிருக்கும் இடத்தில் மாயக் குடும்பத்துக்குத் தனிச்சிறப்பு என்ன? உலகத்திலேயே அவர்கள் ஒளிந்துகொள்ளத் தோதான இடம் அதுதான் என்பதே எனக்குக் கிடைத்த விடை. ஆனால் ஒளிந்திருக்க வேண்டுமானால் மற்றவர்களைப் போலத் தடுமாறவும் தெரிந்திருக்க வேண்டும். செல்விக்குக் கடினமான பயிற்சி பறப்பதில் இல்லை. முதல் முறை பிடியைத் தவறவிட்டு வலையில் விழுவதில் இருக்கிறது. இது என் கற்பனை மட்டுமல்ல. கடினமான வித்தையை முதல் தடவை வேண்டுமென்றே தவறவிட்டு, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்ட பிறகு இரண்டாம் தடவையில் முடித்துக் காட்டுவது சர்க்கஸ்காரர்களின் பழைய உத்தி. அவர்கள் திறமையை மிகுத்துக் காட்டத் தவறுவது போல நடிக்கிறார்கள். என் செல்வியோ திறமையை மறைக்க நடிக்கிறாள். வலையில் விழும்போது எடையோடு விழ வேண்டும் என்பதை அவளுக்குப் பாலன் சொல்லிக்கொடுக்கும் இடம்தான் இதுவரை எழுதியவற்றுள் எனக்குப் பிடித்த இடம்.

மகள் கேட்ட கேள்விக்குப் பிறகு, இந்தக் குடும்பத்தின் மாயத்துக்கு ஓர் ஒலி இலக்கணம் கிடைத்தது. மாயம் நடக்கும்போது மணியோசையோ, சினிமாவில் தேவதை வரும்போது கேட்கும் கிலுகிலுப்போ வராது. வழக்கமாகக் கேட்க வேண்டிய ஒன்று கேட்காமல் போகும். செல்வி உண்மையாகப் பறந்தால் கொக்கி கிரீச்சிடாது. மாது தீயைத் தொட்டால் படபடப்பு அடங்கிவிடும். மீனு ஏணியில் ஏறினால் மூங்கில் முனகாது. வெளியே நிற்கும் சிறுமி முதலில் இதைக் கவனிப்பதும், தனக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று பயந்து அம்மாவிடம் எண்ணெய் விடச் சொல்வதும் அப்படி உருவானவையே. முதல் இரண்டு அத்தியாயங்களையும் இதற்காக மறுபடி பதிவு செய்தேன். இல்லாமல் போவதைக் காது உணர வேண்டுமானால், இருக்கும்போது அது நன்றாகப் பழகியிருக்க வேண்டுமல்லவா?

ஒலிகளைச் சேகரித்த கதை தனி. குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்குச்சிகள். இது வானொலி நாடகக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவது, தரைக்கு மட்டும் மணலும் மரத்தூளும் கலந்து ஒரு தாம்பாளத்தில் பரப்பிக்கொண்டேன். தீக்குப் பிஸ்கட் பொட்டலத்தின் கண்ணாடித்தாளைக் காதருகே மெதுவாகக் கசக்கினால் போதும். ரிங் மாஸ்டரின் சாட்டைக்கு நனைத்த ஈரிழைத் துண்டு. கூடாரத் துணிக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட இரட்டைப் படுக்கை விரிப்பு, அதுவும் ஆடி மாதத்துக் காற்றில். ஊஞ்சலுக்கு, பாட்டி வீட்டிலிருந்து வந்து எங்கள் கூடத்தில் தொங்கும் தேக்குப் பலகை ஊஞ்சலின் சங்கிலி. ஏழாம் அத்தியாயத்துக்கு இன்னும் கொஞ்சம் கிரீச்சொலி வேண்டும் என்று ஒலிவாங்கியோடு போய் உட்கார்ந்தால் சங்கிலி வாய் திறக்கவில்லை. “நீ ராத்திரி பூரா அதுல ஆடிட்டே இருந்தியா, தூக்கமே வரல. அதான் எண்ணெய் விட்டேன்” என்றார் வீட்டுக்காரர், பெரிய உதவி செய்தவர் முகத்தோடு. சங்கிலியைக் கழற்றிச் சாம்பல் போட்டு விளக்கி, இரண்டு நாள் வெளியே போட்டு வைத்த பிறகுதான் அது பழையபடி பேசியது.

குதிரைக் காட்சிதான் தொழில்நுட்ப வகையில் எளிதாக இருந்தது, அதற்கு நான் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். 1768இல் லண்டனில் குதிரைச்சவாரி வித்தைகளைக் காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி, குதிரை வட்டமாக ஓடினால், மையத்திலிருந்து வெளியே தள்ளும் விசைக்கு எதிராக உள்பக்கம் சாய்ந்து, அதன் முதுகின் மேல் நிற்க முடியும் என்பதை நன்கு பயன்படுத்தினார். அவர் கடைசியில் வந்து நிலைகொண்ட வட்டத்தின் விட்டம் 42 அடி, அதாவது ஏறக்குறைய 13 மீட்டர். இன்றும் சர்க்கஸ் வளையத்துக்கு அதுதான் அளவு. அளவும் வேகமும் தெரிந்தால் குதிரை ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி எடுத்துக்கொள்ளும் என்று கணக்கிடலாம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒலியை இடக்காதிலிருந்து வலக்காதுக்கு அதே வேகத்தில் நகர்த்தினால், காதொலிப்பானில் கேட்பவரைச் சுற்றிக் குதிரை ஓடும். இந்த இடத்தைக் கேட்ட மகள் தன்னையறியாமல் கழுத்தைத் திருப்பியதைப் பார்த்தபோது, மரத்தூளைக் கூட்டிப் பெருக்கிய அலுப்பெல்லாம் போய்விட்டது.

கோரனும் பாலனும் கேரளத்துத் தலச்சேரிக்காரர்களாக அமைந்தது தற்செயல் அல்ல. இந்திய சர்க்கஸின் கதையே பாதி தலச்சேரிக் கதை. இத்தாலியரான கியாரினியின் சர்க்கஸைப் பம்பாயில் பார்த்த விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் இந்தியரின் முதல் சர்க்கஸைத் தொடங்கினார். அவருடைய குழு தலச்சேரிக்கு வந்தபோது, அவ்வூரில் களரியும் உடற்பயிற்சியும் கற்பித்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அந்தக் கலையில் ஈடுபாடு கொண்டு, 1901இல் அருகே சிறக்கரையில் ஒரு சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியை அமைத்தார். அவருடைய மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும்தான் நாடு முழுவதும் கூடாரம் கூடாரமாகப் பரவினார்கள். 1951இல் ஒரு சர்க்கஸை விலைக்கு வாங்கித் தன் ராசியான மிதுனத்தின் ஆங்கிலப் பெயரை அதற்குச் சூட்டிய ஜெமினி சங்கரனும் அந்த மண்ணைச் சேர்ந்தவரே. 2023இல் 98 வயதில் அவர் மறைந்தபோது, ஒன்றாம் அத்தியாயத்தின் முதல் வரைவு என் நோட்டில் கிடந்தது. கோரன் தன் குருவின் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் காதைத் தொட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். காதைத் தொடுவது கேட்காது.

பறக்கும் ஊஞ்சலுக்கு இன்னொரு மூலக்கதை உண்டு, அதை மீனுவின் வாயில் வைத்திருக்கிறேன். பிரான்சின் துலூஸ் நகரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திவந்தவரின் மகனான ஜூல் லியோட்டார், அங்கிருந்த நீச்சல்குளத்துக்கு மேலே கட்டைகளைத் தொங்கவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பழகி, 1859 நவம்பரில் பாரிஸில் அதை அரங்கேற்றினார். தவறினால் தண்ணீர், எனவே பயமில்லாமல் தவறலாம். தவறக் கற்றுக்கொள்ளும் அம்மாவுக்கு மகள் இதைச் சொல்லி, கூடாரத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பழகிப் பார்க்கலாமா என்று கேட்கிறாள். தொட்டியில் விழும் ஒலிக்கு நான் எங்கள் வீட்டு அண்டாவில் ஒரு பூசணிக்காயைப் போட்டேன். அண்டாவின் விளிம்பு நசுங்கியது இன்னும் மாமியார் கண்ணில் படவில்லை.

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்ற கேள்விதான் என்னை நீண்ட நாள் நிறுத்தி வைத்தது. என் சிறுவயதிலேயே நடப்பதாக வைத்துக்கொண்டால் சிங்கம் இருக்கும், யானை இருக்கும், ஏழு வயதுப் பெண் கம்பியில் நடப்பாள். அந்த இனிய நினைவின் அடியில் இருந்தது என்ன என்பது இன்று நமக்குத் தெரியும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதற்கு 1998இல் மத்திய அரசு தடை விதித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. குழந்தைகளைச் சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் அறிவிக்கையை வெளியிடுமாறு 2011இல் அதே நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. விற்றும் கடத்தியும் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட பிறகு வந்த தீர்ப்பு அது. கதையைப் பழைய காலத்துக்குத் தள்ளிவிட்டால் இவற்றிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம்தான். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது.

இன்றைக்கே நடக்கட்டும் என்று முடிவு செய்த அன்று கதை எழுந்து உட்கார்ந்தது. குடும்பத்திலேயே நன்றாகப் பறக்கும் மீனுவுக்குப் பதினொரு வயதுதான். அவள் வளையத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. முதலாளி கெஞ்சுகிறார், கேலரி காலியாகக் கிடக்கிறது, அவள் ஒருமுறை பறந்தால் ஊரே திரண்டு வரும். செல்வி முடியாது என்கிறாள். திரைக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து மீனு வகுத்தல் கணக்குப் போடும் ஓசை, அதாவது சிலேட்டுக் குச்சியைப் போலக் கீறும் ஒரு பழைய பால்பாயிண்ட் பேனாவின் ஓசை, ஒவ்வொரு அத்தியாயத்திலும் முரசுக்கு அடியில் வந்துகொண்டே இருக்கும். கோரனுக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சுத்துணையே இல்லை. அவருடைய சிங்கத்தை மீட்பு மையத்துக்கு ஏற்றி அனுப்பிய நாளில், கூண்டுக்குள்ளிருந்து அது அவரிடம் கடைசியாக என்ன சொன்னது என்பதை ஐந்தாம் அத்தியாயத்தில் பேத்தி கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். “வாசல் எந்தப் பக்கம்னு கேட்டுச்சு மோளே. நான் மறந்து போயிருந்தேன்” என்கிறார் கோரன். இந்த வரியைப் படிக்கையில் நான்கு முறை குரல் உடைந்தது. உடையாத ஐந்தாவது பதிவைத்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அழ வேண்டியது வாசிப்பவர் அல்லர்.

குரல் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்துகள் உண்டாகிவிட்டன. ஒலிநூல் என்ற வடிவம் பார்வையற்றவர்களுக்காகப் பிறந்தது. பிரிட்டனில் 1935இல், முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய பேசும் புத்தகத் திட்டத்தில், இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம் வாசிப்பு இருந்தது. வாசிப்பவர் கதைக்கும் கேட்பவருக்கும் நடுவே வந்து நின்று கூத்தாடக் கூடாது என்பது அப்படிப்பட்ட வடிவத்துக்கு அடிப்படையான மரியாதை என்று நினைக்கிறேன். சிறுவர்களுக்கு என்றாலே கீச்சுக்குரலும் அளவுக்கு மீறிய வியப்பும் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ ஊறிவிட்டது. கோரனுக்குச் சற்றே மலையாளம் கலந்த நிதானமும், முதலாளிக்கு வாயில் வெற்றிலை இருப்பது போன்ற அடைப்பும் போதும்; மற்றவர்களைச் சொற்களே அடையாளம் காட்டிவிடும்.

சொற்கள்தான் உண்மையான தொல்லை. கண்ணுக்குப் பழகிய எழுத்துத் தமிழ் வாய்க்கு வந்தால் செய்தி வாசிப்பாகிவிடுகிறது, “ஏறிக்கொண்டிருந்தபொழுது” என்று முதல் வரைவில் இருந்ததைக் கேட்டு மகள், “இது நியூஸா?” என்றாள். முழுக்கப் பேச்சுத் தமிழுக்கு மாற்றினாலோ, கதை சொல்பவளுக்கும் கதைமாந்தருக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. கடைசியில் கதையை எழுத்துத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, வினைகளைக் குட்டையாக்கினேன். ஏறினாள். நின்றாள். கீழே பார்த்தாள். உரையாடல் மட்டும் அவரவர் ஊர்ப் பேச்சில். ட்ரபீஸுக்கு அந்தரத்து ஊசல் என்றெல்லாம் முயன்று பார்த்துவிட்டு, எல்லோரும் சொல்கிற ஊஞ்சலுக்கே திரும்பினேன். ஜோக்கர் ஜோக்கராகவே இருக்கட்டும். கோமாளி என்றால் எனக்குத் தெருக்கூத்துதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது எட்டாம் அத்தியாயம் முடிந்திருக்கிறது. அதில் செல்வியின் மாயம், காட்சியின் நடுவே, காரணம் சொல்லாமல் அவளை விட்டுப் போகிறது. எட்டு அத்தியாயமாகக் காதுக்குப் பழகிய அமைதி குலைந்து, அவள் பறந்துகொண்டிருக்கும்போதே கொக்கி கிரீச்சிடுகிறது. அன்று பழுதுபார்ப்பதற்காக வலையையும் கழற்றியிருக்கிறார்கள். பாலன் பிடித்தாக வேண்டும். பறக்கும் ஊஞ்சலில் விரல்களைப் பிடிப்பதில்லை. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுவதே முறை. வெள்ளைப் பொடி பூசிய இரண்டு உள்ளங்கைகள் இரண்டு மணிக்கட்டுகளைக் கவ்வும் அந்த ஓசை இந்தக் கதையில் அதற்கு முன்பு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதுவரை செல்வி அவர் கையில் வந்து இறங்கினாளே தவிர, அவர் அவளைப் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை.

அந்த ஓசைக்காக ஒரு வாரம் அலைந்தேன். தொடையில் தட்டினால் கொசு அடிப்பது போலிருந்தது. சப்பாத்தி மாவைப் பலகையில் எறிந்தால் சமையலறை தெரிந்தது. முடிவில், எண்ணெய் விட்ட குற்றத்துக்குப் பரிகாரமாக வீட்டுக்காரரையே கூப்பிட்டேன். இருவர் கைகளிலும் முகப்பவுடரைக் கொட்டி, மகளைக் கட்டிலின் மேல் நிறுத்தி, அவரைக் கீழே மண்டியிடச் சொல்லி, ஒலிவாங்கியை நடுவில் பிடித்துக்கொண்டேன். பதினான்கு முறை குதித்தாள். ஒன்றில் சிரித்துவிட்டாள், ஒன்றில் கட்டில் கத்தியது, ஒன்றில் கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடியது. பதினைந்தாவது முறை நான் சொல்வதற்கு முன்பே, அவர் பவுடரைத் தட்டிக்கொண்டிருந்தபோதே குதித்துவிட்டாள். அவர் பதறி எட்டிப் பிடித்தார். பதிவில் “சட்” என்று ஒன்று இருக்கிறது, அதற்கு அடுத்த நொடியில் இரண்டு பேருடைய மூச்சும் சேர்ந்து வெளியே வருவது இருக்கிறது. மூச்சை வெட்டிவிட்டு ஓசையை மட்டும் எடுக்கலாம் என்று கத்திரிக்கோல் குறியைக் கொண்டுபோய் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். செல்வி இந்தக் கதையில் அதுவரை மூச்சு வாங்கியதே இல்லை.